சிப்பி மகள் மார்கரெட்

அந்தக் காலத்தில் சிப்பிகள் பேசும். பேச்சென்றால் ஓயாத பேச்சு. கொற்கைக் கடலில் மீன்களுக்கே காது வலித்ததாம். அவற்றில் ஒரு சிப்பிக்கு ஒரே மகள், ஒரு முத்து. மகளை மடிக்குள் வைத்துக்கொண்டு வாயை ஓரமாக மட்டும் திறந்து கதை பேசும்.

முத்துக் குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தங்கை விதவையாகட்டும் என்று எந்த அண்ணன் கயிற்றை விடுவான்? அன்று கொற்றன் மூழ்கினான். அவன் மனைவியின் அண்ணன் சாத்தன் தோணியில் இருந்தான். அடியில் கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. கொற்றன் எவ்வளவு இழுத்தும் சாத்தன் கைக்குத் தெரியவில்லை.

"ஐயோ, பிள்ள சாவுதே!"

பாறைமேல் இருந்த அந்தச் சிப்பிதான் இப்படி அலறி, முழு வாயையும் திறந்து, சிக்கலுக்கு மேலே கயிற்றைக் கவ்வி உலுக்கியது. சாத்தன் பதறி இழுத்தான், கயிறு விடுபட்டது. ஆனால் திறந்த வாயிலிருந்து மகள் உருண்டு கொற்றனின் பைக்குள் விழுந்துவிட்டாள்.

கொற்றன் மயங்கிக் கிடந்தான். தங்கை புருஷன் பிழைத்த சந்தோஷத்தில் சாத்தன், அந்த முத்தை யவனக் கப்பலில் கொடுத்து ஒரு ஜாடி மது வாங்கிவிட்டான். மடையன்! கொற்றன் கண் விழித்தபோது கப்பல் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மூழ்கிப் போய்ச் சிப்பியிடம் அழுதான். "ஆத்தா, ஒம் மவள யவனன் கொண்டு போயிட்டான்."

"அங்க அவள என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?"

"மார்கரீத்தான்னு கூப்பிடுவாங்க. அவங்க பேச்சுல முத்துன்னு அர்த்தம்."

"அந்தப் பேரு என்னைக்காவது இந்தக் கரைக்கு வந்தா, எனக்குக் கேக்குத மாதிரி கூப்பிடச் சொல்லு," என்று வாயை மூடியதுதான், அப்புறம் அது பேசவே இல்லை. துக்கத்தில் எல்லாச் சிப்பிகளும் மூடிக்கொண்டன.

யவனர்கள் தங்கள் பெண்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அது நாடு நாடாகப் போய், ஆங்கிலேயர் வாயில் மார்கரெட் ஆனது. எத்தனையோ தலைமுறை கழித்துக் கப்பலேறி, கொற்றன் வழிவந்த ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயராக எங்கள் கரைக்கே வந்தது. பெயர்தான் வந்தது, மகள் வரவில்லை.

சிப்பி சொல்லிவிட்டதை அந்தக் குடும்பம் மறந்திருக்கவில்லை. குழந்தையின் தாய் அமலோற்பவம் ஈர மணலில் இறங்கி நின்று, "மார்கரெட்டு! ஏ, மார்கரெட்டு!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். குழந்தை அவள் இடுப்பில்தான் இருந்தது.

அன்று முதல்தான் எங்கள் கரையில் மார்கரெட் என்ற பெண்ணை, அவள் பக்கத்திலேயே நின்றாலும், அம்மா கடல் பக்கம் திரும்பி நின்று கூப்பிடுகிறாள்.