முழுசாகத் திருகிய பெருக்கி

“உங்க இழை செவிடு, மேடம்!”

குன்னூர் மலைச்சரிவில் இருந்த கருவி அறைக்குள் மாசிலாமணி கத்தினார்.

மண் நகர்ந்தால் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கத்தான் சரிவு நெடுகக் கண்ணாடி இழை புதைத்திருந்தார்கள். அதற்குள் ஓடும் ஒளி சொல்ல வேண்டும். நேற்றைய மழையில் சரிவு இறங்கி, தேயிலைத் தொழிலாளர் வீடு ஒன்றில் பாதியைக் கொண்டுபோனது. அந்த வீட்டு வெள்ளத்தாயிக்குக் கால் முறிந்தது.

ஒளி வாயே திறக்கவில்லை.

பேராசிரியை எஸ்தர் மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவரிடம்தான் மாசிலாமணி ஆராய்ச்சி படிக்கிறார்.

“ஒளிப் பெருக்கியை எவ்வளவுல வச்சிருந்தீங்க, சார்?”

“முழுசா! இதுக்கு மேல திருக இடமில்லை.”

எஸ்தர் அதைப் பாதிக்குக் குறைத்தார்.

“இங்க வீடு இடிஞ்சு கிடக்கு. நீங்க குறைக்கிறீங்களா?” மாசிலாமணி மேசையில் ஓங்கி அறைந்தார்.

எஸ்தர் இழையின் முனையைக் கழற்றித் துடைத்தார். பஞ்சு கறுத்தது. இழைச் சுருளை இறுக்கியிருந்த பிளாஸ்டிக் பட்டையை வெட்டி வீசினார்.

“இப்படி நெரிச்சா வளைவுலயே ஒளி கசிஞ்சு போயிடும். யார் கட்டினது?”

“நான்தான். அதுக்கென்ன இப்ப?”

“சார்…” வாசலில் வெள்ளத்தாயியின் கணவர் கருப்பண்ணன் நின்றிருந்தார்.

“இருய்யா! பேசிட்டிருக்கேன்ல?”

கருவியின் திரையில் முட்காடாய் எகிறிக்கொண்டிருந்த கோடுகள் அடங்கின. நடுவே சின்னதாய் ஒரு மேடு தெரிந்தது.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். “இது இத்தனை நாளா எங்க இருந்துச்சு?”

“அங்கயேதான். மண் நகர்றதுக்கு அடையாளம் இதுதான். பெருக்கி ஒளியை மட்டும் பெருக்காது, சார். கூடவே தன்னோட இரைச்சலையும் கொட்டும். நீங்க திருகத் திருக, இது அதுல முங்கிப்போச்சு.”

“அப்போ பழி என் தலையிலயா? மழையில நனைஞ்சு ஒவ்வொரு அடியா இழை புதைச்சவன் நான்! காலேஜ்ல உக்காந்துகிட்டு…”

“சார், ஒரு நிமிஷம்…”

“இருன்னு சொன்னேன்ல!”

“நீங்க வாயை மூடுங்க, சார்!”

எஸ்தர் குரல் உயர்த்தி மாசிலாமணி கேட்டதே இல்லை. வெளியே மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

கருப்பண்ணன் மெல்லப் பேசினார்.

“நாலு நாளைக்கு முன்னாடியே எங்க சுவத்துல விரிசல் விட்டுச்சுங்க. அன்னைக்கே வந்து சொன்னேன். நீங்க போன்ல சத்தம் போட்டுட்டிருந்தீங்க. இப்போ பக்கத்து வீட்டுலயும் விட்டிருக்கு.”

மாசிலாமணி திரையை விட்டு நிமிர்ந்தார்.

“உள்ள எத்தனை பேரு?”

“ஏழு பேருங்க.”

மாசிலாமணி குடையைக்கூட எடுக்காமல் மழையில் அந்த வீட்டை நோக்கி ஓடினார்.