எட்டின் இடுப்பு

ஓர் ஊரில் ஏரிக்கரைப் பூங்கா ஒன்று இருந்தது. அதில் இரண்டு நடைபாதைகள். ஒன்று ஏரியைச் சுற்றிப் போகும் வட்டம். செம்மண் போட்டு, இருபுறமும் புங்க மரம் நட்டு, அகலமாகக் கிடக்கும். ஓடுகிறவர்களும் அதில்தான் ஓடுவார்கள், காற்று வாங்க வருகிறவர்களும் அதில்தான் வருவார்கள். இன்னொன்று, கழிப்பறைக்குப் பக்கத்து மூலையில், கூழாங்கல் பதித்துப் போட்ட எட்டு. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் எட்டு நடந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, குடியிருப்போர் சங்கம் போட்டு வைத்தது.

எட்டுக்குத் தன் இடுப்பைக் கண்டாலே பிடிக்காது. இரண்டு வளையமும் குறுக்கே வெட்டிக்கொள்கிற அந்த நடு இடத்தில்தான் யாராவது யார்மேலாவது இடித்துக்கொண்டு முறைப்பார்கள்.

வட்டம் அதைச் சும்மா விடாது.

"என்மேல நடந்தா கொக்கு தெரியும், தாமரை தெரியும், சூரியன் வர்றது தெரியும். உன்மேல நடந்தா என்னப்பா தெரியும்? எதிர்ல வர்ற ஆளோட மூஞ்சி."

"நான் என்ன செய்யட்டும்? என்னை இப்படித்தான் போட்டாங்க," என்றது எட்டு.

"லைசென்ஸ் வாங்கப் போறவன்கூட ஒரு தடவை எட்டுப் போட்டா விட்டுடறாங்க. உன்கிட்ட மாட்டுனவன் தினமும்ல போடணும்."



அந்த வருஷம் மழை வலுத்து ஏரி தளும்பியது. வட்டம் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் போனது. நடக்க வருகிறவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். டாக்டருக்குப் பயந்த இரண்டு பேர் மட்டும் எட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி அமிர்தவல்லி, இன்னொருத்தி கஸ்தூரி. இருவரும் சம்பந்திகள். அமிர்தவல்லியின் மகன்தான் கஸ்தூரியின் மாப்பிள்ளை.

பேத்திக்குப் பேர் வைத்த அன்று சொர்ணம் என்று வைக்க வேண்டும் என்றாள் அமிர்தவல்லி. சொல்லி வாய் மூடுவதற்குள் கஸ்தூரி குனிந்து, குழந்தையின் காதில் மிருதுளா என்று சொல்லிவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. குழந்தை தாயோடு கஸ்தூரி வீட்டில் இருந்தது. அமிர்தவல்லி அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. போகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

வட்டத்தில் அவர்களுக்குத் தொல்லை இருந்ததில்லை. ஒருத்தி இந்தக் கரையில் நடந்தால் இன்னொருத்தி அந்தக் கரையில் நடப்பாள். ஒரே வேகம், ஒரே திசை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நடை முடிந்துவிடும்.

எட்டிலும் அதே யோசனைதான். இவள் இந்தக் கோடியில் தொடங்கினாள், அவள் அந்தக் கோடியில். ஆனால் எட்டின் சங்கதி வேறு. எவ்வளவு சரியாக விலகித் தொடங்கினார்களோ அவ்வளவு சரியாக இருவரும் இடுப்பில் வந்து முட்டினார்கள். மறு சுற்றில் மறுபடியும் முட்டினார்கள்.

அமிர்தவல்லி நேராகச் சங்கச் செயலாளர் நல்லசிவத்திடம் போனாள்.

"தம்பி, அந்த நடுவை எடுத்துடுங்க. ஆள்மேல ஆள் முட்டுது."

"அதுக்கென்னம்மா, நாளைக்கே வெட்டி எடுத்துட்டு ஒரு சுழியா ஆக்கிடறேன்."

சாயங்காலமே இடுப்பின் இருபுறமும் சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

தண்ணீருக்கு அடியிலிருந்து வட்டம் கேட்டது: "உன்னையும் என்னை மாதிரி ஆக்கப் போறாங்களாமே. நல்லதுதானே?"

"உன்னைப் பார்த்தா வட்டம்னு சொல்வாங்க. எட்டுல நடுவை எடுத்தா பூஜ்யம்னுதான் சொல்வாங்க."

இத்தனை நாள் பிடிக்காத இடுப்பைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எட்டுக்கு. பொத்தத்தான் கை இல்லை.

மறுநாள் காலையில், ஆட்கள் வருவதற்கு முன்பே சம்பந்திகள் வந்துவிட்டார்கள். வழக்கம்போல ஆளுக்கொரு கோடி. இடுப்பில் வந்து நின்றார்கள். கஸ்தூரி ஒதுங்கிய பக்கமே அமிர்தவல்லியும் ஒதுங்கினாள். இந்தப் பக்கம் மாறினால் அவளும் இந்தப் பக்கம் மாறினாள்.

"நீங்க போங்க," என்றாள் கஸ்தூரி.

அமிர்தவல்லி போனாள். வளையத்தைச் சுற்றி வரும்போது அவள் பாதம் கல்லில் சரியாக ஊன்றவில்லை. அது எட்டுக்குத் தெரிந்தது. மறுபடி இடுப்புக்கு வந்ததும் தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"குழந்தைக்குச் சளி பிடிச்சிருந்துதாமே?"

பதிலுக்கு நிற்கவில்லை, நடந்துவிட்டாள். பின்னாலேயே போய்ச் சொல்லக் கஸ்தூரிக்கும் மனசு வரவில்லை. பதிலை வாயில் வைத்துக்கொண்டே தன் வளையத்தைச் சுற்றி வந்தாள்.

"விட்டுடுச்சு. நேத்து குப்புற விழுந்துட்டா."

அந்தச் சுற்றில் அமிர்தவல்லி ஓட்டமும் நடையுமாக வந்தாள். முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டதால், காலில் ஏதோ குத்தியதுபோல் குனிந்து நின்றாள்.

"யாரு முதல்ல பார்த்தது?"

"யாரும் பார்க்கலை. திரும்புறதுக்குள்ள கவுந்து கிடக்கா. நிமிர்த்திப் போட்டா மறுபடியும் கவுந்துக்கறா. அந்தப் பிடிவாதம் எங்க பக்கம் இல்லை."

"பின்ன, எங்க பக்கமா?"

கேட்டுவிட்டு அமிர்தவல்லி விறுவிறுவென்று போனாள். முகத்தில் சிரிப்பு வருவதற்குள் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த முறை அவள் குரல் தணிந்திருந்தது.

"பேர் சொன்னா திரும்புறாளா?"

கஸ்தூரி இந்தத் தடவை நடக்கவில்லை. அங்கேயே நின்றாள்.

"மிருதுளான்னு கூப்பிட்டாச்சு. யாருக்கும் தெரியாம சொர்ணம்னும் கூப்பிட்டுப் பார்த்துட்டேன், சம்பந்தி. ரெண்டுக்கும் திரும்பலை. குக்கர் விசிலுக்குத்தான் திரும்புறா. நீங்க வந்து கூப்பிட்டுப் பாருங்க."

அமிர்தவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்த நேரம் பார்த்து நல்லசிவம் ஆட்களோடு வந்தார்.

"கொஞ்சம் ஒதுங்கிக்குங்கம்மா. நீங்க சொன்ன வேலைதான்."

கடப்பாரையின் முனை முதல் கல்லைத் தொட்டது. எட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம் தம்பி, விட்டுடுங்க," என்றாள் அமிர்தவல்லி.

"முட்டுதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. முட்டட்டும்."

நல்லசிவம் ஒருத்தியைப் பார்த்தார், மற்றவளைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார். கடப்பாரை தோளுக்கு ஏறியது. எட்டு பிடித்திருந்த மூச்சை விட்டபோது, இரண்டு வளையத்துக் கல்லும் லேசாகச் சிலிர்த்தன. மத்தியானம் பெய்த மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்து புல்லுக்குள் போய்விட்டது.

ஏரித் தண்ணீர் வடிந்து வட்டம் வெளியே வந்தது. சேறு காய்ந்ததும் எட்டைக் கூப்பிட்டது.

"கொக்கெல்லாம் வந்தாச்சு, தாமரை பூத்தாச்சு. அந்த ரெண்டு பேர் மட்டும் ஏன் இன்னும் உன்மேலேயே நடக்குறாங்க? அங்க அப்படி என்னதான் தெரியுது?"

"எதிர்ல வர்ற ஆளோட மூஞ்சி," என்றது எட்டு.