எட்டுப் படி மோர்

ஆற்றுக்கு ஓர் அரசன், மலைக்கு ஓர் அரசன் என்று ஆண்டிருந்த காலத்தில், கேளுங்கள், மாறவேல் என்று ஒரு மன்னன் இருந்தான். நல்லவன். தான் நல்லவன் என்பது அவனுக்கே தெரிந்திருந்ததுதான் அவனிடம் இருந்த ஒரே தொந்தரவு.

அவன் நாட்டில் ஒரே வாய்க்காலை நம்பி நான்கு ஊர்கள் வரிசையாக இருந்தன. நான்கும் ஒரே அளவு. தண்ணீருக்காக அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்து மன்னன் ஒரு சட்டம் போட்டான். ஒவ்வோர் ஊரும் தனக்கு வரும் தண்ணீரில் பாதியை எடுக்க வேண்டும், பாதியைக் கீழே விட வேண்டும். எல்லாருக்கும் பாதி என்றால் எல்லாருக்கும் சமம்தானே என்று அரண்மனையே மெச்சிக்கொண்டது.

முதல் ஊரான தலையூரில் கரும்பு செழித்தது. கடைசி ஊரான கடையூரில் நெல் காய்ந்தது. கதிர் விடுவதற்குள் தண்ணீர் வராவிட்டால் ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த ஊருக்குத் தலைவி பெரியநாச்சி.

முதல் முறை மன்னனிடம் போய் அழுதாள். பாதி கொடுத்திருக்கிறேனே என்றான். இரண்டாம் முறை போய்ச் சண்டை போட்டாள். எல்லாருக்கும் பாதிதானே என்றான். மூன்றாம் முறை ஒரு பானை மோரோடு போனாள்.

நல்ல வெயில். நான்கு ஊர்த் தலைவர்களும் சபையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பானையில் இருந்தது எட்டுப் படி. சட்டப்படியே பங்கு போடச் சொன்னாள். தலையூர்க் காளியண்ணன் பாதியைத் தன் குடத்தில் ஊற்றிக்கொண்டார், நான்கு படி. அடுத்தவர் மீதியில் பாதி எடுத்தார், இரண்டு படி. மூன்றாமவர் அதில் பாதி எடுத்தார், ஒரு படி. கடையூருக்கு மிஞ்சியதும் ஒரே ஒரு படி.

"பாதி பாதின்னு சொன்னீங்களே ராசா, எதுல பாதின்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டாள் பெரியநாச்சி.

மன்னனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நல்லவன் அல்லவா, அங்கேயே சட்டத்தை மாற்றினான். ஊர் நான்கு, ஆகவே மேலே உள்ள மூன்று ஊரும் தத்தமக்கு வருவதில் கால் பங்கு எடுக்கட்டும், மிஞ்சுவதெல்லாம் கடையூருக்கு என்றான். சபை கைதட்டியது.

பெரியநாச்சி கைதட்டவில்லை. மனசுக்குள் மோரை ஊற்றிப் பார்த்தாள். முதல் ஊருக்கு இரண்டு படி. இரண்டாம் ஊருக்கு மீதி ஆறில் கால், ஒன்றரைப் படி. மூன்றாம் ஊருக்கு அதைவிடக் குறைவு. தனக்கோ மூன்று படிக்கு மேலே! காய்ந்து கிடக்கிற ஊர். ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? பக்கத்தில் இருந்த மூன்றாம் ஊர்க்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய உதடும் அவளுடையதைப் போலவே வெடித்திருந்தது.

"இதுவும் தப்புதான் ராசா," என்றாள். "இப்ப எனக்குக் கூடிப்போச்சு."

பிறகு தன் கணக்கைச் சொன்னாள். முதல் ஊர் வருவதில் கால் எடுக்கட்டும். இரண்டாம் ஊர் மீதியில் மூன்றில் ஒன்று எடுக்கட்டும். மூன்றாம் ஊர் அதற்கும் மீதியில் பாதி எடுக்கட்டும். மிஞ்சியது முழுவதும் கடையூருக்கு.

காளியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "எனக்குக் கால், அந்தம்மாவுக்கு முழுசா? நல்லா இருக்குது நியாயம்."

மோரைத் திரும்பப் பானையில் கொட்டி மறுபடி பங்கு போட்டார்கள். எட்டில் கால், இரண்டு படி. மீதி ஆறு, அதில் மூன்றில் ஒன்று, இரண்டு படி. மீதி நான்கு, அதில் பாதி, இரண்டு படி. மிஞ்சியது முழுவதும் அதே இரண்டு படி. காளியண்ணன் நான்கு குடத்தையும் எட்டி எட்டிப் பார்த்தார். நான்கும் ஒரே மட்டம். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து தன் மோரைக் குடித்தார்.

மதகுகளை அந்த அளவுக்கே திருத்திக் கட்டினார்கள். தலையூரில் கரும்பு கொஞ்சம் குறைந்தது. கடையூரில் கதிர் வந்தது, அதற்கு மேலே இருந்த இரண்டு ஊர்களிலும் வந்தது.

ஆகவே, கேட்டுக்கொண்டிருப்பவர்களே, பங்கு குறையும்போது மட்டுமல்ல, கூடும்போதும் அது எதில் எத்தனை பங்கு என்று கேட்பவரே நியாயம் அறிந்தவர்.