நாற்பது வீட்டுக்கு ஒரு கயிறு

ஜனங்கள் கடலைக் கண்ணாலேயே பார்த்திராத ஒரு நாட்டில், வெகு காலத்துக்கு முன்னால், வேட்டரையர் என்று ஓர் அரசர் இருந்தார்.

நல்ல நாடு. மேற்கே மலை இருந்ததால் புயல் வராது. கிழக்கே கடல் ஏழு நாள் நடை. நடுவில் ஒரே ஒரு ஆறு. அதற்கு முழங்காலாறு என்று பெயர். எவ்வளவு மழை பெய்தாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியதில்லை. அந்த ஜனங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. தாங்களே ஆற்றை அடக்கி வைத்த மாதிரி பேசுவார்கள்.

அரசருடைய தாயார் கடலோரத்தில் பிறந்தவர். ஊரைத் தண்ணீர் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தவர். அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த அரசர் ஒரு நாள் சபையில் சொன்னார்: "கடலோரத்து ஜனங்களுக்கு ஆபத்து பழக்கம். தண்ணி வந்தா எங்கே ஓடணும்னு தெரியும். நம்ம ஜனங்களுக்கு ஓடவும் தெரியாது."

உடனே ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று பொருள் இருக்க வேண்டும். நீளமான கயிறு ஒன்று. கூரை எட்டும் ஏணி ஒன்று. மூன்று நாளைக்கு வேண்டிய அவல் நிரப்பி மூடிய பானை ஒன்று. ஆடி முதல் தேதி அதிகாரி வந்து பார்ப்பார். ஒரு பொருளுக்கு ஒன்று என்று கதவில் சுண்ணாம்புப் பொட்டு வைப்பார். அதோடு மூன்று பரிசல்கள் செய்து அரண்மனைக் கொட்டகையில் கவிழ்த்து வைத்தார். முழங்கால் தண்ணீருக்குப் பரிசலா என்று நாடே சிரித்தது.

அந்த நாட்டில் பன்னிரண்டு ஊர். அதில் ஒன்று நாற்பதுமனை. ஒரே தெரு, நாற்பது வீடு. முதல் வீடு ஆற்றங்கரையில். அங்கிருந்து தெரு மெல்ல மெல்ல மேடேறி, நாற்பதாவது வீடு பெரிய பாறை அடிவாரத்தில் முடியும். அந்தக் கடைசி வீடு ஊர்த்தலைவர் ஆண்டியப்பருடையது.

ஆணையைக் கேட்டதும் ஆண்டியப்பர் ஊரைக் கூட்டினார். "வராத வெள்ளத்துக்கு நாப்பது கயிறு எதுக்கு? ஒரு கயிறு, ஒரு ஏணி, ஒரு பானை போதும். அதிகாரி முன்வாசல்ல வரட்டும். பொருள் பின்வாசல்ல போகட்டும்" என்றார். ஊருக்கே குஷி பிறந்துவிட்டது.

அந்த வேலைக்கு ஓர் ஆள் வேண்டுமே. முதல் வீட்டுத் தாண்டவன் கிடைத்தான். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைச் சுவரைத் தாண்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அதிகாரியின் பெயர் மங்கைபாகர். கனத்த சரீரம். வீட்டுக்குள் வந்து மூன்று பொருளையும் பார்ப்பார், கதவில் மூன்று பொட்டு வைப்பார், உட்கார்ந்து மோர் குடிப்பார். அவர் மோர் குடித்து முடிப்பதற்குள் தாண்டவன் மூன்றையும் அடுத்த வீட்டில் சேர்த்துவிடுவான். முதல் வீட்டிலிருந்து நாற்பதாவது வீடு வரை இப்படியே. கடைசியில் பொருள்கள் ஆண்டியப்பர் வீட்டுக் கொட்டிலில் அடுத்த ஆடி வரை கிடக்கும்.

"நாப்பது வீட்டுலயும் ஒரே மாதிரி கயிறு, ஒரே மாதிரி முடிச்சு. என்ன ஒத்துமை!" என்று மங்கைபாகர் வியந்து போவார். மற்ற ஊர்களில் ஒரு கதவில் ஒரு பொட்டு, ஒரு கதவில் இரண்டு பொட்டு என்றுதான் இருக்கும். நாற்பதுமனையில் மட்டும் எல்லாக் கதவிலும் மூன்று. அரசர் அந்த ஊருக்குப் பட்டு அனுப்பினார். ஆண்டியப்பர் அதைக் கூச்சமில்லாமல் போர்த்திக்கொண்டார்.

இன்னொரு விஷயம் ஊருக்கே தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வீடும் சுவர் தாண்டினால் வயிறு சும்மா இருக்குமா? முதல் வருஷம் தாண்டவன் பானையிலிருந்து ஒரு பிடி அவல் தின்றான். இரண்டாம் வருஷம் பாதிப் பானை. மூன்றாம் வருஷம் பானை காலி. காலிப் பானையைத் தட்டினால் சத்தம் காட்டிக்கொடுக்குமே, அதனால் உமியைப் போட்டு நிரப்பி மூடிவிட்டான். அதிகாரிக்கு மூடியைத் திறந்து பார்க்கிற வழக்கம் இல்லை.

எட்டு ஆடி இப்படிப் போயிற்று.

அந்த எட்டாவது வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் நடுப்பகலில், மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டுப் பெரிய ஏரி கரை உடைந்தது. அந்தத் தண்ணீருக்கு முழங்காலாற்றின் பெயர் தெரியாது. மலை இடுக்கு வழியாக ஆற்றில் பாய்ந்து, இடுப்பளவு எழும்பித் தெருவுக்குள் வந்தது.

அப்போது தாண்டவன் தெருக்கோடியில் ஆண்டியப்பர் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். அவன் மனைவி பூங்காவனம் மறு கோடியில், முதல் வீட்டில், தனியாக இருந்தாள். அவளுக்கு எட்டு மாதம்.

தாண்டவன் கொட்டிலுக்கு ஓடினான். கயிற்றைத் தோளில் மாட்டி, ஏணியைத் தூக்கி, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். வருஷா வருஷம் ஒன்றிலிருந்து நாற்பதுக்கு ஓடினவன், அன்று நாற்பதிலிருந்து ஒன்றுக்கு ஓடினான்.

ஜனங்கள் பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். "தாண்டவா, கயித்தைக் குடுத்துட்டுப் போ, எங்கப்பாவை மேலே இழுக்கணும்" என்றான் ஒருவன். "ஏணியைக் குடுடா, புள்ளைங்க பரண்ல மாட்டிக்கிட்டுது" என்றாள் ஒருத்தி. "அவலையாவது வச்சிட்டுப் போ" என்றார் இன்னொருவர். மூவருக்கும் அவன் ஒரே பதில் சொன்னான்: "இருக்கிறது ஒண்ணுதானே."

அவன் வீட்டுக்குள் தண்ணீர் மார்பளவு. பூங்காவனம் உரல் மேல் ஏறி நின்று உத்தரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கயிற்றை அவள் இடுப்பில் கட்டி மேட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்து, முதலில் வாசல் வேப்பமரத்தில் கட்டி ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தான். ஏழு வருஷம் கொட்டிலில் கிடந்து மக்கிய கயிறு, இரண்டு இடத்தில் அறுந்தது. ஏணியைக் கூரையில் சாத்தினான். மூன்றாவது படியைக் கரையான் தின்றிருந்தது. கால் வைத்ததும் முறிந்தது. கடைசியில் அவனே ஏணியாக நின்றான். அவள் அவன் தோளில் கால் வைத்து ஓட்டின் மேல் ஏறினாள். அவன் பானையை மேலே கொடுத்துவிட்டு, சுவரைத் தொற்றி ஏறினான். கருங்கல் சுவர், அதனால் வீடு நின்றது.

"போகட்டும், அவலாவது இருக்கே" என்றாள் பூங்காவனம். தாண்டவன் பானையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அவள், "பசிக்குதுங்க, பானையைத் திறக்கலாமா?" என்று கேட்டாள். "நாளைக்கு வேணுமே, இப்பவே எதுக்கு?" என்றான். அவனுக்கு எவ்வளவு பொறுப்பு என்று நினைத்து, மழைத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தாள்.

மறுநாள் கேட்டாள். "இன்னும் எத்தனை நாளோ, கொஞ்சம் பொறு" என்றான்.

மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. தானே மூடியைத் திறந்து கையை விட்டாள். உமி. அடி வரை துழாவினாள். அடி வரை உமி.

"யார் தின்னது?" என்றாள்.

"நான்தான்."

"எப்போ?"

"அஞ்சு வருஷம் ஆச்சு."

அவள் மூடியை எடுத்துப் பானையை மறுபடி மூடினாள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் அப்படியே ஓட்டின் மேல் சாய்ந்துவிட்டாள். தாண்டவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாறையைப் பார்த்துக் கத்தினான். பாறை மேல் இருந்தவர்களும் மூன்று நாளாகப் பட்டினி. அவர்களும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பரணில் மாட்டிய பிள்ளைகளை யாரோ கதவைக் கழற்றி மிதக்கவிட்டு இறக்கியிருந்தார்கள். அந்தக் கதவிலும் மூன்று பொட்டு இருந்தது.

அன்று பிற்பகலில் பரிசல் வந்தது. உள்ளே மங்கைபாகரே இருந்தார். "நாட்டுல இருக்கிறதே மூணு பரிசல். ஒரு பொட்டு ஊருக்கு முதல்ல போனோம். ரெண்டு பொட்டு ஊருக்கு அப்புறம் போனோம். உங்களுக்கென்ன, வீட்டுக்கு வீடு மூணு நாள் சோறு இருக்கு, கயிறு இருக்கு, ஏணி இருக்கு. கவலையே இல்லைன்னு அரசர் உங்க ஊரைக் கடைசியா வச்சார்" என்றார்.

தாண்டவன் பானையை அவர் கையில் கொடுத்தான். அவர் முதல் முறையாக மூடியைத் திறந்து பார்த்தார்.

பரிசலில் கஞ்சி இருந்தது. மடக்கு மடக்காகப் புகட்டினார்கள். பூங்காவனம் கண் திறந்தாள். அடுத்த மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இளைத்த குழந்தை, ஆனால் நன்றாகக் கத்தியது.

தண்ணீர் வடிந்ததும் அரசர் விசாரித்தார். ஆண்டியப்பர் தாண்டவனைக் கைகாட்டினார். தாண்டவன் மறுக்கவில்லை. அரசர் கேட்டார்: "யோசனை சொன்னது யார்? தின்றது யார்? மூடியைத் திறக்காமல் பொட்டு வைத்தது யார்?" மூன்று பேரும் தலை குனிந்தார்கள்.

தீர்ப்பு இதுதான். ஆண்டியப்பர் அந்தப் பட்டைத் திருப்பித் தரவேண்டும். இனி ஆடி முதல் தேதி மங்கைபாகர் ஒவ்வொரு வீட்டு ஏணியிலும் கூரை வரை ஏறி இறங்கவேண்டும், ஒவ்வொரு கயிற்றிலும் தொங்கவேண்டும். தின்று பழகிய தாண்டவன் ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் ஒரு பிடி அவல் தின்று காட்டவேண்டும். வீட்டுக்காரர் அன்றைக்கே பழசை எடுத்துவிட்டுப் புதுசு நிரப்பவேண்டும்.

அடுத்த ஆடி வந்தது. நாற்பதாவது வீட்டில் தொடங்கினார்கள். நாற்பது வீட்டிலும் நாற்பது கயிறு. மங்கைபாகர் ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, ஒரு வீட்டிலும் மோருக்கு உட்காராமல் வந்தார். தாண்டவன் முப்பத்தொன்பது பிடி அவல் தின்றுவிட்டு, கழுத்து வரை அடைத்துப்போய்த் தன் வீட்டு வாசலில் வந்து நின்றான். பூங்காவனம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பானையைக் கொண்டுவந்தாள்.

"போதும்மா, முடியலை. நம்ம வீட்டுப் பானைதானே" என்றான்.

"நீங்க கொண்டுவந்த பானைதானேன்னு நம்பித்தான் நானும் மூணு நாள் கூரை மேல உட்கார்ந்திருந்தேன். திறந்து தின்னுங்க" என்றாள்.

அவன் மூடியைத் திறந்து, ஒரு பிடி அள்ளி, மென்று விழுங்கினான். அதற்குப் பிறகுதான் மங்கைபாகர் சுண்ணாம்பைத் தொட்டார்.

கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் அவரவர் பானையைத் திறந்து பாருங்கள்: ஆபத்தே வராத ஊரானாலும், பிறர் கண்ணுக்குக் காட்ட வைத்த பொருள் உயிரைக் காக்காது, தன் வீட்டில் தானே சோதித்து வைத்த பொருள்தான் காக்கும்.