மாராயியின் வருகைப் பதிவேடு

மலை உச்சியில் மழை அளக்கிற கருவி ஒன்று. அதற்குக் காவல் மாராயி ஒருத்திதான். மாதம் ஒரு தடவை அதிகாரி சிவநேசன் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். மனுஷன் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தார்.

"எங்க பாத்தாலும் தூசி. நீ லேஸியா, இர்ரெஸ்பான்சிபிளா, ஷர்க்கரா? ஒண்ணைச் சொல்லு. அதை எழுதி உன்னை வேலைய விட்டுத் தூக்குறேன்."

"இங்கிலீஷ் தெரியாது சார். அர்த்தம் சொன்னா, பொருந்துறதைச் சொல்றேன்."

"லேஸி, சோம்பேறி. இர்ரெஸ்பான்சிபிள், பொறுப்பில்லாத ஆளு. ஷர்க்கர், வேலைக்கு வராமலே வந்த மாதிரி காட்டுற ஆளு."

சொல்லிக்கொண்டே, விட்டுப்போன எட்டு மாதத்துக்கும் கையெழுத்துப் போடப் பதிவேட்டைத் திறந்தார். ஒரு வரிகூடக் காலியில்லை. 'இன்று யாரும் வரவில்லை' என்று தினமும் எழுதியிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட நோட்டு, கிழிக்கவும் முடியாது.

"இதையெல்லாம் ஏன் எழுதின?"

"பேச ஆளில்ல சார், எழுதினேன். இப்ப சொல்லுங்க, அந்த மூணாவது வார்த்தைய யார் பேருல எழுதணும்?"

சிவநேசன் எதையும் எழுதாமல் ஜீப்பில் ஏறினார்.

"ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க சார்" என்று மாராயி பின்னாலேயே ஓடினாள். திட்டினாலும், வந்த ஆள் அவர் ஒருத்தர்தானே.