செவ்வாய்க்கிழமை வந்த முடிவு

“உங்க முறை ஆளைக் கொல்லுது, மேடம்.”

மேஜர் கதிரேசன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, கையிலிருந்த கட்டுரைத் தாள்களைக் கர்னல் பிலோமினாவின் மேஜைமேல் போட்டார்.

மலையடிவாரத்து ராணுவ மருத்துவமனை அது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு பிலோமினாதான் தலைவர். கதிரேசனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

குண்டடி பட்டு ரத்தம் இழந்து வருகிறவருக்கு முதல் வேலையாக சலைனை வேகமாக ஏற்ற வேண்டும். இருபது வருடத்துக்கு முன் பிலோமினா எழுதிய விதி. எல்லா முகாம்களிலும் இன்றும் அதுதான் நடக்கிறது.

கதிரேசன் மூன்று வருடம் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சிகிச்சைக் குறிப்புகளை ஆராய்ந்திருந்தார். அவ்வளவு சலைன் உள்ளே போனதும் ரத்தம் நீர்த்து, உறையாமல், இன்னும் அதிகமாகக் கசிந்திருக்கிறது. சலைனைக் குறைத்து, சீக்கிரமே ரத்தம் ஏற்றியவர்களில் பிழைத்தவர்கள் அதிகம்.

இதையெல்லாம் நின்றபடியே சொன்னார். இறந்தவர்களில் ஒருவனுக்கு அவர் கையாலேயே சலைன் ஏற்றியிருந்தார். உங்கள் பெயரை நம்பித்தான் ஏற்றினேன் என்றார். யாரையும் கேள்வி கேட்க விடாத பெயர் என்றார்.

பிலோமினா கடைசிப் பக்கத்து அட்டவணையை இரண்டு முறை படித்தார். எழுந்து வார்டுக்குள் போனார்.

இப்படி எழுந்து போனால் விட்டுவிட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கதிரேசனும் பின்னால் போனார்.

மூன்றாம் படுக்கையில், தொடையில் குண்டு பாய்ந்த ஒரு ஹவில்தார். அரை மணி நேரத்துக்கு முன்தான் கொண்டுவந்திருந்தார்கள். சலைன் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

பிலோமினா அதை நிறுத்தினார். உடனே இரண்டு பாட்டில் ரத்தம் கொண்டுவரச் சொன்னார். நர்ஸ் ஓடினாள்.

“நான் சொன்னதுக்குப் பதில் வரலை.”

“நான் எழுதினது தப்பு. கட்டுரையில அப்படியே போடு. என் பேரோட.”

கதிரேசன் இதை எதிர்பார்க்கவில்லை. கோபம் இன்னும் ஏறியது. அந்த ஒரு வரியால் செத்தவன் திரும்பி வருவானா என்று கேட்டார்.

“வரமாட்டான்.”

பிலோமினா ஹவில்தாரின் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“இந்த முடிவு உனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?”

“போன செவ்வாய்.”

“இன்னைக்குத் திங்கள்.”

கட்டுரையை எழுதி முடிக்க வேண்டியிருந்தது என்றார் கதிரேசன். நீங்கள் மறுக்க ஒரு ஓட்டையும் இல்லாமல் கொண்டுவந்து போட நினைத்தேன் என்றார்.

பிலோமினா முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்.

“இந்த ஆறு நாள்ல எத்தனை பேருக்கு சலைன் ஏத்தியிருக்காங்க?”

கதிரேசன் நர்ஸ்களின் மேஜைக்கு ஓடினார்.

அங்கிருந்த போனை எடுத்து, சலைனை நிறுத்தச் சொல்ல மலைமேல் இருந்த முகாமைக் கூப்பிட்டார்.

அடுத்த முகாமைக் கூப்பிட, பக்கத்து மேஜையிலிருந்த போனை பிலோமினா எடுத்தார்.