கூடத்தில் தெரிந்தது, தெருவில் தெரியவில்லை

சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். இருபத்திரண்டு போன்களுக்கு ஒரே செய்தி போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் லூர்துநாதன். வயது அறுபத்தொன்று, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ராயபுரத்தில் கடலோரப் பந்தயப் புறாச் சங்கத்தின் செயலாளர்.

செய்தியில் 192.168.1.7 என்று ஓர் எண் இருந்தது. அதன் கீழே, "நாளைக்கு நெல்லூர் பந்தயம். எந்தப் புறா எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு என் வீட்டு சர்வர்லயே பாக்கலாம். இப்பவே தொறந்து பாத்துக்கங்க."

இந்தச் செய்திக்குப் பின்னால் ஒரு சவால் இருந்தது.

சங்கத்தில் பந்தய முடிவைக் காகிதத்தில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுவது வழக்கம். காலையில் ஒட்டிய காகிதத்தில் சாயங்காலத்துக்குள் இரண்டு நிற மையில் நேரங்கள் மாறியிருக்கும். யார் மாற்றியது என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தும் பார்த்தாயிற்று. குழுவை நடத்திய மூவரும் ஒருவரையொருவர் நீக்கிக்கொண்டதில் கடைசியில் அதில் யாருமில்லை.

டிசம்பர் கூட்டத்தில் கஜபதி எழுந்தார். லூர்துநாதனுக்கு முன்னால் ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவர். "பதிவேட்ட இப்டி குடு லூர்து. உன்னால ஆவாது" என்றார்.

லூர்துநாதனுக்குச் சுருக்கென்றது. "நெல்லூர் பந்தயத்துக்கு ரிசல்ட்ட ஒவ்வொருத்தன் போன்லயும் காட்றேன். என் வீட்லயே சர்வர் வெச்சு. காட்டலன்னா பதிவேடு உனக்கு."

"சர்வர்னா இன்னான்னு தெரியுமாடா?"

"தெரியும்" என்றார் லூர்துநாதன். தெரியாது.

அன்று மாலையே தெருமுனையில் மடிக்கணினி பழுதுபார்க்கும் நஸ்ரினின் கடைக்குப் போனார். நஸ்ரினுக்கு இருபத்தெட்டு வயது. வேலை செய்யும்போது கழற்றிய திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதனால் பேச்சு குறைவு.

"சர்வர்னா இன்னாம்மா?"

நஸ்ரின் பதில் சொல்லவில்லை. குனிந்து வேலையைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் போயிற்று. லூர்துநாதனுக்கு வியர்த்தது.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவர் குடித்து முடித்தார்.

"நான் கேட்டதுக்கு..."

அவள் திருகாணியை எடுத்தாள். "இப்ப பண்ணேனே, அதான். கேட்டா குடுக்கணும். கேக்காட்டி சும்மா இருக்கணும்."

அன்றிலிருந்து லூர்துநாதன் அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். முதல் வாரம் கிண்டலாக. இரண்டாம் வாரத்திலிருந்து கிண்டல் இல்லை.

பேரன் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் அவள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டார். இடைவெளி விட வேண்டிய இடத்தில் எதுவும் விடவில்லை. இருபது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து முட்டை மாதிரி இறக்கி வைத்த கைக்கு ஒரு சின்னப் புள்ளி அடங்க மறுத்தது. ஏழு வாரம் ஆயிற்று. எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை பக்கம் திறந்தது. மேலே சங்கத்தின் பெயர், கீழே இருபத்துமூன்று காலி வரிசைகள். நேரத்தைப் போட்டால் அதுவே முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திக்கொள்ளும்.

லூர்துநாதன் கூடத்தில் பார்த்தார், தெரிந்தது. சமையல்கட்டில் மனைவி ரோஸ்லினின் போனில் பார்த்தார், தெரிந்தது. மொட்டைமாடியில் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார், அங்கேயும் தெரிந்தது. நஸ்ரினிடம் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மறுநாள் காலை செய்தியை அனுப்பிவிட்டார்.

ஒன்பது பத்துக்கு முதல் போன் வந்தது.

"லூர்தண்ணா, சுத்திக்கினே கீது."

"கொஞ்சம் இரு, வரும்."

ஒன்பது பதினைந்துக்குள் ஏழு போன். எவனுக்கும் எதுவும் வரவில்லை. ஒன்பதரைக்குக் கஜபதி நேரில் வந்தார். போனைத் தூக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"எத்தினி நாளாடா இந்த வேலை?"

"எந்த வேலை?"

"நீ குடுத்த நம்பரை என் வீட்ல போட்டா என் வீட்டு கேமரா பெட்டி வருது. பாஸ்வேர்டு கேக்குது. படம் புடிச்சு வெச்சிருக்கேன் பாரு. என் வீட்டுக்குள்ள பூந்து இன்னாத்தப் பாக்குற?"

லூர்துநாதன் திகைத்துப் போனார். அவரைக் கூடத்துக்கு இழுத்துப் போய் மடிக்கணினியைக் காட்டினார். "பாரு, தெரியுதா இல்லியா?"

கஜபதி பார்த்தார். "உன் வீட்ல உனக்குத் தெரியுது. அதுக்குக் கண்ணாடி போதுமேடா."

போகும்போது வாசலில் திரும்பினார். "பதிவேட்ட அட்டை போட்டு வெய்யி. நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

லூர்துநாதன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நஸ்ரின் கடைக்கு ஓடினார்.

"எல்லா ரூம்லயும் தெரியுது வாத்தியாரம்மா. மொட்டைமாடில கூட தெரியுது. வெளிய எவனுக்கும் தெரியல. அவன் வீட்டு கேமரா வேற வந்து நிக்குது."

"என்ன நம்பர் குடுத்தீங்க?"

சொன்னார்.

நஸ்ரின் உதட்டிலிருந்து திருகாணியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வீட்ல ஆன்ட்டி உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ஏங்கன்னு கூப்புடும்."

"திரும்பிப் பாப்பீங்களா?"

"பாக்காம? சோறு வேணாமா?"

"அதே ஆன்ட்டி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு ஏங்கன்னு கூப்பிட்டா?"

லூர்துநாதன் யோசித்தார். "அங்க நிக்கிற அத்தினி பேர் புருஷனும் திரும்புவான்."

நஸ்ரின் திருகாணியை எடுத்து மறுபடி கவ்விக்கொண்டாள்.

அவர் வாசல் வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். நெற்றியில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"அப்ப கஜபதி வீட்ல திரும்பிப் பாத்தது அவன் கேமராவா!"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப ஊருக்கு நான் இன்னா பேர் குடுக்கணும்?"

கடையைப் பாதி சாத்திவிட்டு அவரோடு அவர் வீட்டுக்கு வந்தாள். ரவுட்டரில் அந்த வீட்டுக்கென்று வெளி எண் ஒன்று இருந்தது. இணைப்பு எடுத்த நாளிலிருந்து இருந்திருக்கிறது, யாரும் பார்த்ததில்லை. அந்த எண்ணைத் தேடி வருகிறவர்களை மடிக்கணினிக்கு அனுப்பும்படி ரவுட்டரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நஸ்ரின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தட்டியது எல்லாம் லூர்துநாதன். இரண்டு முறை தப்பாகத் தட்டினார். அவள் தொடவில்லை.

முடிந்ததும் அவர் ஆவலாகப் போனை எடுத்தார்.

"இங்க இல்ல அங்கிள். வெளிய போங்க."

"வாசலுக்கா?"

"உங்க வைஃபை எட்டாத இடத்துக்கு. தெரியாத ஆள் மாதிரி வந்து தட்டுங்க."

அவர் தெருவில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்த்தால் நஸ்ரின் கையசைத்து இன்னும் போகச் சொன்னாள். மீன்கூடைகளைத் தாண்டி, லாரி நிற்கும் இடத்தையும் தாண்டிப் போய் நின்றார். வைஃபையை அணைத்துவிட்டு எண்ணைப் போட்டார். வட்டம் சுற்றியது. பிறகு சங்கத்தின் பெயர் வந்தது. கீழே இருபத்துமூன்று காலி வரிசைகள்.

"ரோஸ்லின்! தெரியுதுடி!" என்று அங்கிருந்தே கத்தினார்.

மீன்காரம்மா கூடையை மூடினார். "இன்னா தெரியுது? போலீஸா?"

"என் வீடும்மா! என் வீடு தெரியுது!"

"குடிக்கிற ஆள் இல்லியே நீ" என்றார் அந்த அம்மா.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "ஏழு வாரத்துல ஒரு நாளாவது இத சொல்லியிருக்கலாம்ல?"

"ஏழு வாரத்துல ஒரு நாளும் நீங்க வெளிய போய்ப் பாக்கலியே" என்றாள் நஸ்ரின். கடையைத் திறக்கப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு பேருக்கும் புது எண் போயிற்று. ஒவ்வொருவராகப் பதில் போட்டார்கள். கஜபதி ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருந்தார்: "தெரியுது."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நெல்லூரில் புறாக்களைத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு புறாவின் காலிலும் ஒரு வளையம், அதற்குள் மறைத்த ஓர் எண். புறா கூட்டில் இறங்கியதும் வளையத்தைக் கழற்றி அந்த எண்ணைச் செயலாளருக்குப் போனில் சொல்ல வேண்டும். சொன்ன நிமிடம் பதிவாகும். கூடுகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில்தான். முதலில் வந்தது முதல் பரிசு.

லூர்துநாதன் மொட்டைமாடியில் குடைக்குக் கீழே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பது இருபத்திரண்டுக்கு முதல் போன். கஜபதிதான். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணைச் சொன்னார். லூர்துநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு 9.22 என்று போட்டார். பக்கத்தின் உச்சியில் போய்க் கஜபதியின் பெயர் உட்கார்ந்தது. பிறகு போன் ஓயவில்லை. 9.26. 9.27. 9.31. ஒவ்வொன்றும் அந்தந்த நிமிடமே பதிவாயிற்று. தெருவில் எவனோ விசிலடித்தான்.

ஒன்பது நாற்பத்தொன்றுக்கு அவருடைய சாம்பல் பெட்டை வந்து இறங்கியது. இரண்டு வருடமாக எந்தப் பந்தயத்திலும் அன்றே திரும்பி வராமல், மறுநாளோ மூன்றாம் நாளோ வந்து சேர்ந்த புறா. லூர்துநாதன் அதைக் கையில் பிடித்தார். வளையத்தைக் கழற்றி, புறாவை முத்தமிட்டு, ஒரு கையால் நேரத்தைத் தட்டினார். கீழே இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்தார்.

ரோஸ்லின் போனோடு எதிரே வந்தார். "ஏங்க, நாம முதல்ல வந்துட்டமா? சொல்லவே இல்லியே!"

போனை வாங்கிப் பார்த்தார். முதல் இடத்தில் லூர்துநாதன், 9.14. இரண்டாம் இடத்தில் கஜபதி.

நாற்பத்தொன்று என்று தட்ட வேண்டியதை மாற்றித் தட்டியிருந்தார். மாற்றித் தட்டியதுதான் என்று இந்த ராயபுரத்தில் யார் நம்புவார்கள்? அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நஸ்ரினுக்குப் போன் போட்டார்.

"வாத்தியாரம்மா, தப்பாப் போட்டுட்டேன். என் பேரு மேல நிக்குது."

"எப்ப போட்டீங்க?"

"நாலு நிமிஷம் ஆவுது."

"ம்."

"சத்தியமா கை தவறிடுச்சும்மா. எவனும் பாக்கறதுக்குள்ள மாத்திடணும். அதுக்கு எதுனா வழி கீதா?"

அந்தப் பக்கம் எதையோ வாயிலிருந்து எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"இருந்துச்சு அங்கிள். நேத்து மத்தியானம் வரைக்கும்."

லூர்துநாதன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இன்னொரு அழைப்பு வந்துகொண்டிருந்தது. திரையில் கஜபதி என்று இருந்தது.

2024 பிப்ரவரி 18ஆம் தேதி நெல்லூர் பந்தயத்தின் அந்தப் பக்கம் இன்னும் திறக்கிறது. லூர்துநாதனின் வரிசையில் 9.14 அழிக்கப்படவில்லை. அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 9.41, அதற்குப் பக்கத்தில் "தப்பு என்னுது. லூர்து." 2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் பொதுக்குழு கூடியது. செயலாளர் பதவிக்குக் கஜபதி மனு கொடுக்கவில்லை.